பாட்டு பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

சேலம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துப் பெண். என் மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. அவள் படிக்கும் அரசுப் பெண்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். முப்பது வருடங்களுக்கு முன்னால் நான் படித்ததும் அதே பள்ளியில்தான். பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும், அதோடு பேச்சு முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது நம் மாவட்டத்தில் பெண் பிள்ளைகள் படிக்கும் பல பள்ளிகளுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

போன மாதக் கூட்டத்துக்கு வந்த அம்மாக்கள் உட்கார ஜமுக்காளம் போதவில்லை. மாடிப்படிக்குக் கீழே நிற்கும் இரும்பு பீரோவில் இன்னொன்று இருக்கும் என்று தலைமையாசிரியை சாவியைக் கொடுத்து என்னை அனுப்பினார். கதவு துருப்பிடித்து இறுகியிருந்தது. இழுத்துத் திறந்தால், ஜமுக்காளத்துக்கு முன்னால் ஆர்மோனியப் பெட்டி. அதன் துருத்தியை எலி கடித்திருந்தது. பக்கத்தில் ஒரு வீணை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மெழுகு காய்ந்து உதிர்ந்ததில், தந்தியை அழுத்தும் இடத்தில் இருக்கும் மெட்டுகள் பாதி கழன்று குடத்தின் மேல் கிடந்தன. கீழ்த்தட்டில் ஒரு மிருதங்கம், வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், கருப்பு வட்டமான கரணை பெயர்ந்து, வார் தளர்ந்து. நான் அந்த ஆர்மோனியத்தின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தேன். ஒரு வெள்ளைக் கட்டையின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மை மங்கிவிட்டது. ஆனாலும் ‘ப’ என்று படிக்க முடிந்தது. அது எங்கள் பாட்டு டீச்சரின் கையெழுத்து. புதிதாக வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தடவித் தேடக்கூடாது என்று ஒவ்வொரு கட்டையிலும் அவர் ஒட்டி வைத்தது.

நான் 1988-ல் ஆறாம் வகுப்பு சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு பாட்டு பீரியட். நாற்பது பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் தட்டித் தாளம் போட்டு, முதல் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடுவோம். முதல் காலத்தில் எல்லாரும் ஒன்றாக வருவோம். இரண்டாம் காலத்தில் கடைசி வரிசை தடுமாறும். மூன்றாம் காலத்தில் நான்கைந்து பேர்தான் மிஞ்சுவோம். டீச்சர் யாரையும் திட்டமாட்டார். “விட்ட இடத்துல வந்து பிடிச்சுக்கோங்க, தாளம் உங்களுக்காக நிக்காது” என்பார். வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஏழு தாளத்துக்கும் அமைந்த அலங்காரம் என்ற பாடத்தை நான் பாடிப் பார்த்திருக்கிறேன். தறி நாடா அடிக்கும் அடியில் ஏழு தாளமும் உட்காரும் என்று அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை. பத்தாம் வகுப்பில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர் கிரேடு எழுதித் தேறினேன். அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டு ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் இருக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே இன்றும் இருக்கிறது.

நான் பாடகி ஆகவில்லை. இருபது வயதில் கல்யாணம், அப்புறம் தறி, பிள்ளைகள். ஆனால் எனக்குக் காது இருக்கிறது. ஒரு பாட்டைக் கேட்டால் அது எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரியும். அசதியான இரவுகளில் சரளி வரிசை படித்த மாயாமாளவகௌளை ராகத்தைக் கீழ்க்குரலில் முனகினால் மனம் அடங்கும். இது யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாத சொத்து. அரசாங்கப் பள்ளிக்கூடம், ஒரு பைசா வாங்காமல் எனக்குக் கொடுத்தது. என் மகளுக்கு அது கிடைக்கவில்லை.

அவள் ஆறு முதல் எட்டு வரை படித்தபோது பகுதிநேர இசை ஆசிரியை ஒருவர் வந்தார். 2012-ல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் தமிழ்நாடு முழுக்க நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் அவரும் ஒருவர். உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி என்று பல பாடங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம், மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். அந்த அம்மா வரும் அரைநாளில் முழுஆண்டுத் தேர்வு நெருங்கினால் அவர் பீரியட் கணக்குக்குப் போய்விடும். ஆண்டு விழா நெருங்கினால் பிள்ளைகளுக்கு ஆடை தைக்க அளவெடுக்கும் வேலையும் அவருக்கு வரும். அதற்கெல்லாம் நடுவிலும் சரளிக்கு அடுத்த பாடமான ஜண்டை வரிசை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அதுவும் நின்றுவிட்டது. அந்த நியமனமே ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கானது. அதனால் அதே வளாகத்தில், அதே ஆசிரியை பக்கத்து வகுப்பறையில் பாட்டுச் சொல்லிக் கொடுக்க, என் மகள் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒன்பது, பத்து என்பது பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறி நிலைப்படும் வயது. எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடவேண்டும், எங்கே மூச்சு எடுக்கவேண்டும், தொண்டையை எப்போது ஓயவிடவேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் வேண்டியது அப்போதுதான்.

“வெளியில் கற்றுக்கொள்ளலாமே” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தெருப் பையன்கள் பள்ளியை நம்பி இல்லை. ஆடி மாதம் பிறந்தால் சேலம் முழுக்கப் பம்பை மேளச் சத்தம். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் பம்பைக்காரர்களுக்குப் பின்னாலேயே சுற்றும் பத்து வயதுப் பையன் ஆடி முடிவதற்குள் அடவு பிடித்துவிடுவான். அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று ராத்திரி இரண்டு மணிக்கு வீடு வந்தாலும் அவனை யாரும் கேட்கமாட்டார்கள். பஜனைக் கோயிலில் டோலக் தட்டுவான், பேண்டு செட்டில் சேர்ந்து டிரம் அடிப்பான், கல்யாண மண்டபத்தில் கச்சேரிக்காரர்களோடு ஒயர் இழுத்து மைக் பிடிக்கப் பழகுவான். ஊரே அவனுக்கு இசைப்பள்ளி.

அவனுடைய அக்காவுக்கோ தங்கைக்கோ இதில் எது இருக்கிறது? நாலரை மணிக்கு வீடு திரும்பினால் தண்ணீர் பிடிக்கவேண்டும், தம்பியைப் பார்க்கவேண்டும், நூல் சுற்றவேண்டும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் என்றால் வீட்டில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் வேலை காத்திருக்கும். ஆறு மணிக்கு மேல் தனியாகப் பாட்டு வகுப்புக்கு அனுப்ப எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் துணிச்சல் இல்லை, மாதக் கட்டணம் கட்டப் பணமும் இல்லை. பெண் பிள்ளைக்குத் தனக்கென்று இருக்கும் நேரம் பள்ளி மணி அடித்ததிலிருந்து அடுத்த மணி அடிக்கும் வரைதான். அந்த நேரத்துக்குள் பாட்டு இல்லையென்றால் அவளுக்குப் பாட்டே இல்லை.

நம் ஊரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் 17 இசைப்பள்ளிகளில் ஒன்று. குரலிசை, தேவாரம், வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், பரதநாட்டியம் என்று ஏழு பாடங்கள், மூன்று வருடப் படிப்பு, கட்டணமும் மிகக் குறைவு. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் அது பகல் நேரத்தில் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை அங்கே எப்படிப் போவாள்? படிப்பை விட்ட பிறகுதான் போகமுடியும் என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஜவகர் சிறுவர் மன்றம் வார விடுமுறையில் நடக்கிறது, அது நல்ல ஏற்பாடு. ஆனால் பதினாறு வயதோடு அதற்கும் வயது வரம்பு முடிகிறது, பிளஸ் ஒன் பிள்ளைக்கு உதவாது. இசைப்பள்ளி கலை பண்பாட்டுத் துறையில் இருக்கிறது, எங்கள் பள்ளி பள்ளிக்கல்வித் துறையில் இருக்கிறது. பஸ்ஸில் போனால் அரை மணி நேரத் தூரம். இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு கடிதம் போய்வந்தால் போதும், அந்தத் தூரம் குறைந்துவிடும். அந்தக் கடிதத்தை எழுதக்கூடியவர் தாங்கள்தான்.

தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் அரசு மாநிலப் பாடலாக அறிவித்தது. முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில், அதாவது மூன்று மூன்றாக எண்ணும் தாள நடையில், 55 வினாடிக்குள் பாடவேண்டும் என்று அந்த ஆணை சொல்கிறது. இசைத்தட்டைப் போடாமல் வாய்ப்பாட்டாகவே பாடவேண்டும் என்றும் சொன்னார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ராகம், நடை, நேரம் மூன்றையும் குறித்துக் கொடுத்த அரசாணை அது. எங்கள் பள்ளிக் காலை வழிபாட்டில் நாலு பிள்ளைகள் மைக் முன்னால் நின்று அதைப் பாடுகிறார்கள். ஒருநாள் மேலே எடுத்துக் கத்துகிறார்கள், மறுநாள் கீழே எடுத்து முனகுகிறார்கள். மோகனம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆரோகணத்தில் ஐந்து சுரம், அவரோகணத்தில் ஐந்து சுரம். பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

என் மகள் தமிழ்ப் பாடத்துக்கு ஏழிசையின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஒப்பித்துவிட்டு என்னைக் கேட்டாள்: “அம்மா, குரல்னா எந்தச் சத்தம்மா?” நான் ‘ச’ பிடித்துக் காட்டினேன். “இளி?” ‘ப’ பிடித்தேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது. “இதுதானா அது!” என்றாள். மார்க்குக்காக அந்த ஏழு பெயரையும் எழுதும் பிள்ளைகளில் எத்தனை பேர் அவற்றை ஒருமுறையாவது காதால் கேட்டிருப்பார்கள் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

கலைத் திருவிழா வந்த பிறகு எங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்தது என்பதைச் சொல்லவேண்டும். 2022-ல் தொடங்கியது முதல் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. வெல்லும் பெண் பிள்ளைக்குக் கலையரசி பட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளை மேடையேறிப் பாடுவதைப் பார்த்துக் கைதட்ட ஒரு கூட்டம் கூடுகிறது. இது முன்பு இல்லாதது. ஆனால் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பிள்ளைகளைக் கூப்பிட்டு, போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, இதைப் பாடு என்கிறோம். போன வருடம் எங்கள் பிள்ளை ஒருத்தி வட்டாரப் போட்டியில் நின்றாள். கீபோர்டுக்காரர் “என்ன சுருதிம்மா?” என்று கேட்டார். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. பதற்றத்தில் மேலே எடுத்துவிட்டாள். பல்லவி தப்பித்தது, சரணத்தில் குரல் உடைந்தது. பாதியில் நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அருமையான குரல் அது. ஐந்து கட்டை என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்திருந்தால் முழுப்பாட்டையும் பாடியிருப்பாள். அந்தத் தோல்வியை அவள் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பிள்ளையையும் சொல்லவேண்டும். மாவட்டப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தபோது ஏற்காட்டு மேலிருந்து வந்த மலைக்கிராமத்துப் பிள்ளை ஒருத்தி பாடினாள். அவள் ஆத்தா சாமை குத்தும்போது பாடும் பாட்டாம். பக்கவாத்தியம் ஏதும் வைத்துக்கொள்ளவில்லை. கீபோர்டுக்காரர் சுருதி தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார். அவள் பாட்டு ஒரு இடத்தில்கூட நழுவவில்லை. வெளியே மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவளிடம் பேச்சுக் கொடுத்தேன். கடைசி பஸ்ஸைப் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஊர் போகவேண்டுமே என்ற கவலையில் இருந்தாள். எழுந்து போகும்போது கேட்டாள்: “அக்கா, இந்தப் பாட்டையெல்லாம் எழுதி வைக்க முடியுங்களா? வார்த்தைய இல்ல, ராகத்த.”

முடியும் என்று சொன்னேன். சுரம் எழுதத் தெரிந்தால் முடியும். அந்த ஆத்தாவுக்கு என்ன வயதோ. அந்தப் பிள்ளைக்குச் சுரம் எழுதச் சொல்லிக் கொடுக்க ஒருவர் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பாட்டு மலையோடு போய்விடுமோ. அதே மலையில் நூறு வருடம் தாண்டிய உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பியானோவும் குழுப்பாட்டும் படிப்போடு சேர்ந்தே வளர்ந்தவை. அங்கே படிக்கும் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அதே மூடுபனிக்குள் நாலு மைல் தள்ளி இருக்கும் இந்தப் பிள்ளைக்கு ஒரு சுருதிப் பெட்டியாவது வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

“பாட்டுப் படிச்சு என்ன வேலைக்குப் போறது” என்பது அடுத்த கேள்வி. இதை அம்மாக்களே கேட்கிறார்கள், அவர்களிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. என் தகப்பனாரும் இதையே கேட்டார். பதில் சொல்ல அப்போது எங்களுக்கு யாரும் இல்லை. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று நான்கு இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை இருக்கிறது. 2013-லிருந்து இசைக்கும் கவின் கலைக்கும் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இசைப் பட்டப்படிப்பும் பட்டப்படிப்புதானே. 2021-ல் சென்னை மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமனம் பெற்றார். அவர் கரூர் இசைப்பள்ளியில் தேவாரம் பயின்றவர். பிளஸ் டூ முடித்ததும் என்ன படிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு வழிகாட்டும் கூட்டம் வருடா வருடம் நடக்கிறது. அதில் இந்தக் கல்லூரிகளின் பெயரை ஒருவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இசை ஆசிரியர் வேலை குறைவு என்பது உண்மை. 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது இசைக்கு மாநிலம் முழுவதற்கும் 86 இடம். அதைத் தாங்கள் ஒருவர் மாற்ற முடியாது, எனக்குத் தெரியும். அதனால் மாவட்ட அளவில் செய்யக்கூடியதை மட்டும் கேட்கிறேன்.

எட்டாம் வகுப்போடு நிற்கும் பாட்டு பீரியடைப் பன்னிரண்டு வரைக்கும் கொண்டுபோக அனுமதி கொடுங்கள். எங்கள் பகுதிநேர ஆசிரியை கூடுதல் பீரியட் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். அதற்குரிய கூடுதல் ஊதியத்துக்கும் வழி செய்யவேண்டும், அவரை இலவசமாகப் பாடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. வாரத்தில் ஒரு பீரியட் போதும். ஆனால் அந்த ஒன்றை எந்தத் தேர்வைக் காட்டியும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தங்கள் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை வேண்டும். தலைமையாசிரியைக்கு அந்தக் காகிதம் ஒரு பாதுகாப்பு. தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, காகிதம் இல்லாமல் பாட்டு பீரியடைக் காப்பாற்றுவது அவருக்கு எவ்வளவு கடினம் என்று பார்த்திருக்கிறேன்.

இசைப்பள்ளியில் இறுதியாண்டு படிப்பவர்களை மாதம் இரண்டு முறை எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு அனுப்ப அந்தத் தலைமையாசிரியரோடு பேசுங்கள். மலைக்கு முதலில் அனுப்புங்கள். தொழில்நுட்பத் தேர்வு அறிவிப்பு வரும்போது ஓவியத்துக்கும் தையலுக்கும் விண்ணப்பம் வாங்கும் பள்ளிகள் இசைக்கும் வாங்கட்டும். கேட்டால்தான் பிள்ளை கை தூக்குவாள். நான் தூக்கியது டீச்சர் கேட்டதால்தான்.

இனி, என்னோடு கூட்டத்தில் உட்காரும் அம்மாக்களுக்கு இரண்டு வார்த்தை. பாட்டால் படிப்பு கெடும் என்று பயப்படுகிறீர்கள். சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் தவறாமல் பாடும் பிள்ளைக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். வயதுக்கு வந்த பிள்ளை வாய்விட்டுப் பாடினால் தெருவில் என்ன சொல்வார்கள் என்று ஒரு அக்கா என் காதோடு சொன்னார். அக்கா, நாம் அந்தப் பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதுபோல நம் பிள்ளைகளும் மூடிக்கொள்ள வேண்டாம். தவில், மிருதங்கம் எல்லாம் ஆண்கள் கையிலேயே இருந்த காலத்தில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையில் வாசித்தார் ரங்கநாயகி அம்மாள். மதுரை பொன்னுத்தாய் நாதசுரம் ஏந்தி நின்றார். நம் பக்கத்து மண் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் பாடிய பாட்டுக்கு ஊரே திரண்டது, 1958-ல் சட்ட மேலவைக்கும் போனார். அவர்களையும் தெரு பேசியிருக்கும்.

அலுவலர் அவர்களே, நாங்கள் சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆர்மோனியத்தை ஆட்டோவில் ஏற்றிச் செவ்வாய்ப்பேட்டையில் ரிப்பேர் செய்பவரிடம் காட்டினோம். துருத்தி மாற்றி, ரீடு சுத்தம் செய்து தர 3,800 ரூபாய் கேட்டார். பதினேழு அம்மாக்கள் சேர்ந்து கொடுத்துவிட்டோம். அந்த ‘ப’ காகிதத்தை மட்டும் உரித்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மிருதங்கத்துக்கு வார் பிடித்துத் தோல் மூட்டு மாற்றப் பள்ளி மானியத்தில் எடுத்துக்கொள்ளத் தீர்மானம் போட்டாயிற்று. வீணை எங்கள் சக்திக்கு மீறியது, அதற்குத் தனியாக விண்ணப்பம் எழுதியிருக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியட் காலியாக இருக்கிறது. ஆசிரியை அன்று மத்தியானம் பள்ளியில்தான் இருக்கிறார். எங்கள் தீர்மானத்தின் நகலோடு கோப்பு தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். அனுமதி வந்த வாரமே தொடங்கிவிடலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், அந்தப் பள்ளியின் பழைய மாணவி,
அம்மாபேட்டை, சேலம்